அண்ணனுக்கு ஒரு டிராப் ஷாட்

போன மாதம் ஒரு புதன்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு, என் அண்ணன் முருகேசன் என்னோடு பேசினார்.

அண்ணன் தம்பியோடு பேசுவதெல்லாம் ஒரு விஷயமா, இதற்கு ஒரு பக்கத்தை வீணடிக்க வேண்டுமா என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. நாலு வருடம் கழித்துப் பேசினால் விஷயம்தான்.

"இத யார்ட்ட பழகுன?"

மூன்றே வார்த்தை. அதுவும் என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே கேட்டார். 'இத' என்று அவர் சொன்னது பேட்மின்டனில் ஓர் அடியை. டிராப் ஷாட்.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் எனக்கு ரொம்ப அசதி. சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

அண்ணனுக்கு அறுபத்தொன்று, எனக்கு ஐம்பத்தாறு. அவருக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். எனக்கு உரக்கடை. அவருக்கு ஒரே மகள், நிவேதா. மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்தது. தினமும் காலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறிப் போவாள். சாயங்காலம் இறங்கி வருவாள். பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கும் ஷிபு என்ற மலையாளியை அங்கேதான் பார்த்தாள். பிடித்துப்போயிற்று.

வேறு பாஷை, வேறு மதம். அண்ணன் முடியாது என்றார். நான் ஒரு மாதம் அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். நல்லதனமாகச் சொன்னேன். சத்தம் போட்டேன். கெஞ்சினேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், ரெஜிஸ்டர் ஆபீஸில் பெண் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்று நிவேதா என் கடை வாசலில் வந்து நின்றாள்.

போட்டேன். இன்னொரு முறை கேட்டாலும் போடுவேன்.

அன்றோடு அண்ணன் பேச்சு நின்றது. சண்டையில்லை, வசவில்லை. தெருவில் எதிரே வந்தால் பக்கத்துக் கடை போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பார். கல்யாண வீடுகளில் நான் முதல் பந்தி என்றால் அவர் இரண்டாம் பந்தி. ஊரே கவனித்துப் பரிமாறப் பழகிக்கொண்டது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பேட்மின்டன்.

எங்கள் ஊரில் பழைய குடோன் ஒன்றை இன்டோர் கோர்ட்டாக மாற்றியிருக்கிறார்கள். முன்பு ஏலக்காய் மூட்டை அடுக்கிய இடம். மழைக்காலத்தில் இன்றைக்கும் சுவரிலிருந்து லேசாக வாசம் வரும். அங்கே அண்ணனும் நானும் பல வருடங்களாகக் காலை ஐந்தரைக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் ஆறரைக்கு மேல்தான் வருவார்கள். பேச்சு நின்ற பிறகு யாராவது ஒருத்தர் நேரத்தை மாற்றியிருக்கலாம் இல்லையா? யார் மாற்றுவது? நான் ஏன் மாற்றணும் என்று எனக்கு வீம்பு. அவருக்கும் அதே வீம்புதான். ஒரே ரத்தம்.

அதனால், பேச்சு நின்ற மறுநாள் காலை ஐந்தரைக்கு, அந்த நீளமான கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார முடியுமா? அவர் போய் நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் இந்தப் பக்கம் நின்றேன்.

நாலு வருடம் ஆடினோம். "லவ் ஆல்." "அவுட்." "சர்வீஸ் ஓவர்." இவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. ஒன்று சொல்ல வேண்டும்... கோட்டில் விழுந்த ஷட்டில் காக்கை அவர் ஒரு நாளும் வெளியே என்று சொன்னதில்லை. அவர் 'அவுட்' என்றால் நான் திரும்பிப் பார்த்ததுமில்லை.

ஆனால் ஜெயிப்பது எப்போதும் அவர்தான்.

எனக்குத் தெரிந்தது இரண்டே அடி. ஒன்று, பின்கோடு வரைக்கும் தூக்கி அடிப்பது. இன்னொன்று ஸ்மாஷ், மேலேயிருந்து ஓங்கிக் குத்துவது. முப்பது வயதில் என் ஸ்மாஷைப் பார்த்து விசிலடித்தவர்கள் உண்டு. ஐம்பதுக்கு மேல் அது அண்ணனுக்கு நான் கொடுக்கிற அன்பளிப்பு ஆகிவிட்டது. அவர் கோர்ட்டின் பின்பகுதியில் கட்டில் போட்டது மாதிரி நிலையாக நிற்பார். நான் குத்துவதையெல்லாம் நிதானமாகத் தூக்கித் தூக்கிப் பின்னால் போடுவார். பத்துப் பாயின்டுக்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். தோள்பட்டை வலியோடு கடைக்குப் போனால் ஒரு மூட்டையைத் தொட முடியாது.

அதோடு முடிகிறதா? மத்தியானம் மூன்று மணிக்கு மதினி, அண்ணன் மனைவி, போன் போடுவார். அண்ணன் தூங்குகிற நேரம் அது.

"தம்பி, அவ நல்லா இருக்காளா? அங்க குளிருக்கு ஸ்வெட்டர் போடுறாளா?"

சாயங்காலம் நிவேதா கூப்பிடுவாள். "சித்தப்பா, அப்பாக்கு முட்டி வலி எப்படி இருக்கு?"

நடுவில் நான். இந்தப் பக்கத்துத் தபாலை அந்தப் பக்கம் கொடுத்து, அந்தப் பக்கத்துத் தபாலை இந்தப் பக்கம் கொடுத்து... நல்ல காரியம் செய்தவனுக்கு வருகிற அசதி இருக்கிறதே, அதற்கு மாத்திரை கிடையாது.

சரி, டிராப் ஷாட்டுக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கு உர லோடு போகும். நானும் கூடவே ஏறிப் போய், தோட்டக்காரர்களைப் பார்த்துவிட்டு, நிவேதா வீட்டில் சாப்பிட்டு இறங்குவது வழக்கம். ஷிபு வேலை பார்க்கிற தோட்டத்தில், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னால் மண்ணைச் சமப்படுத்திச் சுண்ணாம்பில் கோடு போட்டு ஒரு கோர்ட் வைத்திருக்கிறார்கள். மூன்று பக்கமும் உயரமான மரங்கள். அதனால் காற்று அவ்வளவாக உள்ளே வராது. மஞ்சு என்கிற பனிமூட்டம் இறங்கினால் இறகு நனைந்துவிடும் என்று நைலான் காக்கில்தான் ஆட்டம்.

வைகாசியில் ஒரு ஞாயிறு ஷிபுவோடு ஆடினேன். ஏழு பாயின்ட் எடுத்தேன். அவர் ஒரு தடவைகூட ஓங்கி அடிக்கவில்லை. கையை உயர்த்துவார்; ஸ்மாஷ் வருகிறது என்று நான் பின்னால் போய்க் காத்திருப்பேன். அது நெட்டைத் தாண்டி, நாலு அடி தள்ளி, செத்த பூச்சி மாதிரி விழும். நான் ஓடி வருவதற்குள் இரண்டு தடவை உருண்டிருக்கும்.

எனக்குச் சட்டென்று அண்ணன் ஞாபகம் வந்தது. பின்பகுதியிலேயே நிற்கிற அண்ணன். இடது முட்டியில் கேப் மாட்டியிருக்கிற அண்ணன். முன்னால் ஓடி வர யோசிக்கிற அண்ணன்.

ஒரு மனுசனின் வலி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொண்டு அங்கேயே காக்கைப் போட நினைப்பது நல்ல நினைப்பா? இல்லை. அப்போதே தெரிந்தது. இருந்தாலும் கேட்டேன்.

"இதை எனக்குச் சொல்லித் தர முடியுமா ஷிபு?"

"அதினென்ன சித்தப்பா. ஈஸி."

ஈஸி இல்லை. நாலு மாதம் ஆயிற்று.

முதல் மாதம் பத்துக்கு எட்டு நெட்டில் சிக்கியது. மெதுவாகப் போட வேண்டும் என்று மனதில் நினைத்தாலே கை முன்கூட்டியே மெதுவாகிவிடுகிறது. அப்புறம் பயந்து கொஞ்சம் உயர்த்தினால், நெட்டுக்கு மேல் ஒரு முழம் எழும்பித் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி போகிறது. எதிரே நிற்கிறவர் அதைக் குத்தாமல் என்ன செய்வார்?

"கை நிக்கக் கூடாது" என்பார் ஷிபு. "ஸ்மாஷ் அடிக்கிற மாதிரியே ஃபுல்லா வரணும். காக்குல படற நேரத்துல மட்டும் பதுக்கே. பதுக்கே மதி."

மெதுவாக, மெதுவாக இருந்தால் போதும் என்று அர்த்தம். இந்த 'பதுக்கே மதி'யை நாலு மாதத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன்...

ஒரு நாள் அவர் வந்து என் வலது கையைப் பிடித்து, விரல்களைத் தொட்டுப் பார்த்தார். "இது என்ன சித்தப்பா, ஜீப்புக் கம்பியைப் பிடிச்ச மாதிரி பிடிச்சிருக்கீங்க?"

உண்மை. கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் தொங்கிக்கொண்டு வருகிறவன் பிடி. பேட்டை லூசாகப் பிடித்தால் பறந்துவிடும் என்று முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நிவேதாதான் எனக்கு வாகாகக் காக்கைத் தூக்கித் தூக்கிப் போடுவாள். நெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலிச் சாக்கை விரித்து, "இதுல விழணும் சித்தப்பா" என்பாள். இருபது போட்டால் முதலில் இரண்டு விழுந்தது. ஆடி முடிவில் ஆறு. மழை நின்ற ஒரு ஞாயிறு, பதினொன்று விழுந்தது. சாப்பிடும்போது கையைத் தூக்க முடியாமல் குழம்பைச் சட்டையில் சிந்தினேன். நிவேதா சிரிக்கவில்லை.

"இவ்வளவு கஷ்டப்பட்டு யாரை ஜெயிக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

அந்தப் புதன்கிழமை வந்தது.

ஆட்டம் பதினொன்றுக்குப் பதினொன்று வரை வழக்கம்போலப் போனது. நான் ஒரு டிராப்கூடப் போடவில்லை. அப்புறம் அண்ணன் உயரமாக ஒன்றைத் தூக்கினார். நான் பின்னால் போய், தோளைத் திருப்பி, கையை ஸ்மாஷுக்கு மாதிரியே கொண்டுவந்தேன். அவர் குனிந்து தயாரானார். விரலைத் தளர்த்தினேன்.

காக் நெட்டைத் தாண்டி அப்படியே இறங்கியது.

அண்ணன் நகரவில்லை. அது விழுந்த இடத்தையே பார்த்தார். நான் ஏதோ பிசகி அடித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். அடுத்ததும் விழுந்தது. மூன்றாவதற்கு ஓடி வந்தார். இரண்டு எட்டு வைத்ததும் இடது கால் ஒரு மாதிரி மடங்கி, பேட்டைத் தரையில் ஊன்றி நின்றார். விழவில்லை. "ஒண்ணுமில்ல" என்கிற மாதிரி கையை மட்டும் அசைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

எனக்கு அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றியது. நிறுத்தவில்லை. நாலு வருடம் தோற்றவனுக்குப் பதினாலாவது பாயின்டில் ஞானம் வருமா? இருபத்தொன்றுக்குப் பதினாறு. ஜெயித்தேன்.

சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. முதுகுதான் வலித்தது.

பெஞ்சில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்துக்கொண்டு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

யூடியூபில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இப்போதெல்லாம் யார்தான் யூடியூபில் கற்காமல் இருக்கிறார்கள்? நம்பியிருப்பார். ஆனால் நாலு வருடத்துக்கு அப்புறம் கேட்கிற முதல் கேள்விக்கே பொய் சொல்ல மனசு வரவில்லை.

"ஷிபுட்ட" என்றேன்.

அவர் ஷூவைப் பையில் போட்டார். பேட்டை உறையில் போட்டு ஜிப்பை மூடினார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நான் ஐந்தரைக்குப் போய்ச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தேன். ஆறரைக்கு வருகிறவர்கள், "அண்ணனுக்கு ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டார்கள். பேச்சு இல்லாமலாவது நாலு வருடம் ஓர் அண்ணன் இருந்தார். என் கெட்டிக்காரத்தனத்தில் அதையும் கெடுத்துக்கொண்டேனா?

ஏழாம் நாள் மத்தியானம் மதினி போன் செய்தார். குரலில் எரிச்சல்.

"ஏந்தம்பி, நீ என்னத்த அடிச்சுத் தொலச்ச?"

"ஏன் மதினி? முட்டி ரொம்ப வலிக்குதாமா?"

"அவரு முட்டிய விடு, என் தோள்பட்டை போச்சு. மொட்ட மாடில துணிக் கயித்தக் கட்டி, என்னைய அந்தப் பக்கம் நிக்க வச்சு, காக்க இங்க போடு, பக்கத்துல போடு, இன்னும் மெதுவாப் போடுன்னு உசுர வாங்குறாரு. ஒரு சோலி பாக்க முடியல. வெரசா அவரக் கூப்பிட்டு வெளையாடு, புண்ணியமாப் போகும்."

போனை வைத்தேன். யூரியா கேட்டு வந்த ராசிங்காபுரத்துக்காரர் என்னை இரண்டு தடவை கூப்பிட வேண்டியதாயிற்று.

பன்னிரண்டாம் நாள் அண்ணன் வந்தார். வழக்கமாக நிற்கிற இடத்திலிருந்து இரண்டு எட்டு முன்னால் நின்றார். என் முதல் டிராப்பை எடுத்தார். இரண்டாவதையும் எடுத்தார். ஓடவில்லை, முன்பே யூகித்து, நடந்து வந்து எடுத்தார். இருபத்தொன்றுக்குப் பத்தொன்பது, அவருக்கு.

பெஞ்சின் அந்த முனையில் அவர், இந்த முனையில் நான். தண்ணீர் குடித்தார்.

"அவன் பேட்ட எப்பிடிப் பிடிக்கிறான்?"

"லூசாத்தாண்ணே."

"அடிக்கையிலயுமா?"

"அடிக்கையில இன்னும் லூசா விட்டுருவாரு."

யோசித்தார். பாட்டில் மூடியைத் திருகினார், அவிழ்த்தார், மறுபடி திருகினார்.

"அவ ஆடுறாளா?"

'அவ' என்று யாரைச் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது. நாலு வருடத்தில் அவர் வாயிலிருந்து மகளைப் பற்றி அந்த இரண்டு எழுத்துகூட நான் கேட்டதில்லை.

"ஆடுறாண்ணே. உங்களை மாதிரியே பேக்ல நின்னுக்கிட்டுத் தூக்கித் தூக்கிப் போடுறா. ஷிபுவால அவளை ஜெயிக்க முடியல."

சின்ன வயதில் அவளுக்கு பேட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். நான் நெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, துண்டுக்குள்ளிருந்தே, "அங்க நெட்டு சரியா கட்டிருக்காய்ங்களா?" என்றார்.

"பழசுண்ணே. நடுவுல தொங்கும்."

"தொங்குனா எல்லாருந்தான் டிராப் போடுவாய்ங்க" என்றார். அதில் ஒரு சின்ன திருப்தி இருந்தது.

அந்த சனிக்கிழமை என் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. ஒரு பார்சலை நீட்டினார். "நாளைக்கு லோடு போகுதுல்ல? இத ஏத்தி விடு." அவ்வளவுதான். போய்விட்டார். பிரித்துப் பார்க்கவில்லை. தொட்டாலே தெரிந்தது, புது நெட்.

நாம் எல்லோரும் வீட்டில் ஓங்கி அடித்துத்தான் பழகியிருக்கிறோம். நியாயத்தை, பாசத்தை, அறிவுரையை... எல்லாவற்றையும் பலமாக. எதிரே இருப்பவர் இன்னும் ஓர் எட்டு பின்னால் போய் நிற்கிறார். அதை அவருடைய பிடிவாதம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அந்த ஒரு மாதம் அண்ணன் வீட்டில் நான் போட்ட சத்தத்தை இப்போது நினைத்தால் எனக்கே களைப்பாக இருக்கிறது.

ஞாயிறு சாயங்காலம் நிவேதா கூப்பிட்டாள். "சித்தப்பா, நெட்டுக்குள்ள அளவு டேப் ஒண்ணு இருக்கு. ஒரு சீட்டும் இருக்கு. நடுவுல அஞ்சடி, ஓரத்துல அஞ்சடி ஒரு இஞ்ச்னு எழுதியிருக்கு. அப்பா எழுத்து." சீட்டை மடிக்கிற சத்தம் கேட்டது. "அப்பாக்கு முட்டி எப்படி..."

"ஆத்தா, எனக்கு முடியல" என்றேன். "நீயே போன் போட்டுக் கேளு."

போட்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் அவள் கூப்பிட்டால் முதல் ரிங்கிலேயே கட் பண்ணுவாராம். அதனால்தான் கூப்பிடுவதையே விட்டிருந்தாள். இந்தத் தடவை அவர் எடுக்கவில்லை. கட் பண்ணவுமில்லை. கடைசி வரைக்கும் ரிங் போயிருக்கிறது. போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார் என்று மதினி சொன்னார்.

நாளைக்கும் போடு என்று நிவேதாவிடம் சொல்லியிருக்கிறேன். நான் போய்க் கொஞ்சம் படுக்கிறேன்.